டொக் என்றால் ஆப்பிள்

மிருகக்காட்சிசாலையில் எல்லோருக்கும் அவள் வாளியம்மா. இருபது வருடமாகக் கரடிக் கூண்டுக்கு ஆப்பிள் வாளி சுமப்பவள். வாய் கொஞ்சம் நீளம். அதட்டலும் தடியும் இருந்தால் எந்த மிருகமும் வழிக்கு வரும் என்று நம்பியிருந்தாள். கிழட்டுக் கரடி பெரியவனுக்குக் கண்ணில் புரை விழுந்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அறுவைக்கு முன் மயக்க ஊசி போட வேண்டும்; அவனோ தடியைக் கண்டதும் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அவனாவே தோளைக் கம்பிகிட்ட கொண்டு வரணும். சரியாச் செஞ்ச நொடியில விசில் ஊதுங்க, உடனே ஆப்பிள் குடுங்க. விசில் கேட்டா, 'இதுதான் சரி, தீனி வருது'ன்னு அவனுக்குப் புரியணும்," என்றார் டாக்டரம்மா.

மூன்று நாளில் புரிந்துவிட்டது. அதற்குள் பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்தது. வேலியில் ஏறியவர்களை விரட்டக் காவலாளி விசில் ஊதினார். பெரியவன் ஆசையாக ஓடிவந்தான். ஒன்றுமில்லை. வாரம் முழுக்க இதே கதை. அப்புறம் வாளியம்மா ஊதினாலும் அவன் காதைக்கூட அசைக்கவில்லை.

நேராகக் காவலாளியிடம் சண்டைக்குப் போனாள். "உங்களால கரடி என்னையே நம்ப மாட்டேங்குது!"

"என்ன பண்ணச் சொல்றீங்க வாளியம்மா? என் வேலையே விசில்தானே," என்றார் அவர் பாவமாக.

அதுவும் நியாயம்தான். விசிலை மூட்டை கட்டிவிட்டு, நாக்கை அண்ணத்தில் தட்டி ஒலி எழுப்பினாள். டொக், ஆப்பிள். டொக், ஆப்பிள். ஒரு தடவைகூட வெறுங்கையோடு நிற்கவில்லை. பிறகு அவன் கம்பிப் பக்கம் ஓரடி வைத்தால் டொக். தோள் உரசினால் டொக். நீளப் பிரஷால் முதுகைச் சொறிந்துவிட்டுத்தான் ஆப்பிள் கொடுப்பாள். போகப் போகப் பிரஷுக்காகவே அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வீட்டில் தட்டு கழுவிவைத்த கணவருக்கும் வாய்தவறி ஒரு டொக் விழுந்தது. "ஆப்பிள் எங்கே?" என்று கை நீட்டினார் மனிதர்.

அறுவை நாளில் கரடி வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"டொக்குன்னு சொல்லிட்டு ஒண்ணும் குடுக்காம இருக்கவா? ஏமாத்து இல்லையா அது?"

"பிரஷ் இருக்கே. அதுவும் இப்ப அவனுக்குப் பரிசுதாம்மா."

பெரியவன் தோளைச் சாய்த்தான். ஊசி இறங்கியது. வாய் உலர்ந்துபோய் அவளுக்கு டொக் பாதிதான் வந்தது. அவன் தலை சரியும்வரை சொறிந்துகொண்டே இருந்தாள். எத்தனை வருடம் இவனைத் தடியால் மிரட்டினோம் என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

அறுவை முடிந்து கண் ஆறிய சில நாளில் பெரியவன், பார்வை மங்கியதால் இரண்டு வருடமாகத் தொடாத மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான். வாளியைக் காட்டியும் சாயங்காலம்வரை இறங்கவில்லை. வாளியம்மா அதட்டவில்லை. கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து, அவன் எதையெல்லாம் பார்க்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.