விதைக்காமல் கிடந்த கரிசல்

விதைப்பு நேரத்தில் ஒரு சம்சாரியிடம் விதைக்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் நம்பியிருந்த மில் வராது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் நான் பொருளாதார ஆசிரியர். சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் நின்ற வேட்பாளர் ஒருவர், மேடையில் பேசுவதற்கு ஒரு திட்டம் எழுதித் தரச் சொன்னார். வருஷா வருஷம் வறட்சி நிவாரணமாகக் கரையும் அரசுப் பணத்தைத் திரட்டி, கரிசல் காட்டில் அரசு நூற்பாலை கட்டலாம். நிலம் தரும் வீட்டுக்கு ஒரு வேலை. இதுதான் நான் எழுதியது. பயிர் நிற்கும் நிலத்தை எடுத்தால் நஷ்டஈடு, வழக்கு என்று இழுக்கும் என்பதால், தரிசு நிலத்துக்கே முன்னுரிமை என்றும் சேர்த்தேன். அவர் அதை ஊர் ஊராகப் பேசினார். ஜனங்கள் கைதட்டும்போது பந்தல் ஓரத்தில் நின்று, அந்தக் கைதட்டல் எனக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் ஜெயித்தார். புதிய அரசின் முதல் பட்ஜெட்டில் நூற்பாலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இலையிலிருந்து தலை நிமிரவில்லை.

"சார்வாள், ஓட்டு எண்ணி முடிச்சாச்சு. இன்னும் எதுக்கு இதத் தூக்கிட்டு அலையுதீங்க?"

நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

புரட்டாசியில், மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மழை விழுந்தபின் கரிசலில் கால் வைக்க முடியாது. அந்தச் சில நாட்கள் தவறினால் வருஷமே போயிற்று. அப்படி ஒரு மாலையில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சக ஆசிரியர்களோடு நின்றிருந்த என்னைத் தேடி எட்டயபுரம் பக்கத்துச் சம்சாரி ஒருவர் வந்தார். தேர்தல் கூட்டத்தில் என்னைப் பார்த்திருக்கிறார். மகனுக்கு மில் வேலை கிடைக்கும் என்று நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்தார்.

"ஊர்ல எல்லாரும் வெதச்சிட்டாவ சார். நானும் உளுந்தப் போட்டிரட்டுமா, இல்ல பொறுக்கணுமா?"

பக்கத்தில் நின்றவர்கள் ஏற்கெனவே அந்தத் திட்டத்தை வைத்து என்னைக் கேலி செய்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் முன்னால் தோற்க எனக்கு மனமில்லை.

"வெதச்ச நெலத்த கவர்மெண்டு தொடாது. மில்லுக்குள்ள போயி உளுந்து பிடுங்கப் போறீராக்கும்?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. சுற்றிலும் உளுந்தும் பருத்தியும் நிற்க, அவர் நிலத்தில் மட்டும் கோரை முளைத்தது. ஊர் அவரை 'மில் முதலாளி' என்று கூப்பிட்டது. தை பிறக்குமுன் மாடுகளை விற்றார்; மாடு இல்லாததால் அடுத்த வருஷமும் உழவில்லை. மனைவி தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனார். மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். பிறகு நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டியது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் மறுபக்கத்து ஜன்னல் ஓரத்தில் உட்காருவேன்.

ஓய்வு பெற்றபின் ஏதாவது செய்ய நினைத்தேன். அவர் முகத்தில் விழிக்கத் துணிச்சல் இல்லை. முதலில் நிலத்தைத் திருத்திவிட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்கலாம் என்று, அவரிடம் சொல்லாமலே ஒரு ஜேசிபியை அமர்த்தினேன். என் சொந்தக்காரர் ஒருவருடைய நிலம் என்று டிரைவரிடம் சொல்லி, முள்ளைத் தூரோடு பிடுங்கச் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் நிலம் முக்கால்வாசி வெட்டவெளியாகிவிட்டது. யாரோ சொல்லி அவர் ஓடி வந்தார். நன்றாக மூப்படைந்திருந்தார். டீக்கடையில் நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன், மன்னிக்கச் சொன்னேன். அவர் மல்லாந்து கிடந்த தூர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத வெட்டி கரிமூட்டம் போட்டு, கரிய வித்துத்தான் சார் நாங்க ரெண்டு பேரும் கஞ்சி குடிக்கோம்," என்றார். "வெட்டுனா மறுபடி தழைஞ்சிரும். தூரோட பிடுங்கிட்டீங்களே."

உழவுக்கும் விதைக்கும் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். காட்டில் வெள்ளாமை பார்க்க இனி உடம்பில் வலு இல்லை என்று சொல்லிவிட்டு, கிடந்த முள்ளை இழுத்துக் குவிக்க ஆரம்பித்தார். உதவப் போன என்னை விலகி நிற்கச் சொன்னார்.

அந்தக் குவியல் கரியாகித் தீர்ந்ததும், அவரும் மனைவியும் மகனிடம் போய்விட்டார்கள். நிலத்தை ஒரு தீப்பெட்டி முதலாளி வாங்கினார். முள் இல்லாமல் சுத்தமாகக் கிடந்ததால் வாங்கினவர் யோசிக்கவே இல்லையாம். அந்த ஜேசிபி டிரைவர்தான் வீடு தேடி வந்து சொன்னான். கேட்டால் நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறான்.