கீழ்வீட்டுப் பதில்கள்

ஜோதிமணிக்குப் பிரெஞ்சு எழுத வரும், படித்தால் விளங்கும், கேட்டால் புரியும். வாய் மட்டும் திறக்காது. முதல் தடவை பெங்களூருக்குப் போய்த் தேர்வு எழுதியபோது மற்ற மூன்றிலும் நல்ல மார்க். வாய்மொழித் தேர்வில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் இரண்டாவது கேள்வியைக் கேட்டதுமே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கால் மணி நேரம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

கரூர்ப் பக்கத்துக்காரி. டிப்ளமோ முடித்து ஓசூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து ஒன்றரை வருடத்தில் முடிந்தும் போனது. ஊரில் அண்ணன் குடும்பம் இருந்தது, ஆனால் அங்கே தனக்கென்று ஓர் அறை இல்லை என்பதை அவள் இரண்டு தீபாவளிகளில் தெரிந்துகொண்டாள். கனடாவுக்குப் போவதென்று முடிவெடுத்தது அப்போதுதான். பிரெஞ்சு தெரிந்தால் வழி சுலபம் என்றார்கள். முப்பத்தொரு வயதில் அகரமுதல் ஆரம்பித்தாள்.

"நீங்க மனசுக்குள்ளயே பேசிப் பழகியிருக்கீங்க. வாய் விட்டுப் பேசணும், தினம் ரெண்டு மணி நேரம்" என்றார் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தும் ரேவதி மேடம். தேர்வில் கேட்கக்கூடிய அறுபது கேள்விகளைத் தன் குரலில் பதிவு செய்து அனுப்பியும் வைத்தார். ஆனால் மூன்று பெண்களோடு தங்கியிருக்கும் அறையில் எங்கே வாய் விடுவது? ஒருத்தி எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். மறு தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கையில் ஜோதிமணி தனி வீடு தேடினாள்.

ராயக்கோட்டை ரோட்டில், ஊர் முடிந்து ரோஜாப் பண்ணைகள் தொடங்குகிற இடத்தில் ஒரு மாடிப் போர்ஷன் கிடைத்தது. வீட்டுக்காரர் வெங்கடப்பன் உத்தனப்பள்ளியில் நிலம் உள்ள விவசாயி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மாடி எட்டு மாதமாகப் பூட்டியே கிடந்தது போலிருக்கிறது. கதவைத் தள்ளியபோது உள்ளிருந்து ஈரச் சுவரின் வாடை வந்தது.

"பரீட்சைக்குப் படிக்கணுங்க. அதுக்குத்தான் தனியா பாக்கறேன்" என்றாள்.

வெங்கடப்பன் சாவியை நீட்டினார், ஆனால் பிடியை விடவில்லை. "வாய் விட்டுப் படிப்பீங்களாம்மா?"

"ஆமாங்க. தொந்தரவா இருக்குமுங்களா?"

அவர் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "படிங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவளை மூன்று மணிக்கு இறக்கிவிடும். அந்த நேரத்தில் தெருவில் ஆள் இருக்காது. ஜன்னலைச் சாத்தி, போனைக் கட்டில் மேல் வைத்து, மேடத்தின் கேள்விகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பதில் சொல்வாள். முதல் இரண்டு நாள் அவள் குரலே அவளுக்கு யாருடையதோ போலிருந்தது. மூன்றாம் நாள் மேடத்தின் குரல், "ஊ அபிதே வூ?" என்று கேட்டது. எங்கே வசிக்கிறீர்கள்? அவள் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஜபித் அ ஓசூர்."

தரைக்குக் கீழிருந்து வந்தது. பெண்குரல். கரகரப்பாக, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தடவிப் பார்த்துச் சொல்வது போல. ஜோதிமணி போனை அணைத்தாள். தண்ணீர்த் தொட்டியில் சொட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சற்றுப் பொறுத்து அதே குரல் கேட்டது: "வூ புவே ரெபேதே, சில் வூ ப்ளே?"

தயவுசெய்து மறுபடி சொல்வீர்களா?

அவள் மறுபடி சொல்லவில்லை. செருப்பு மாட்டாமல் கீழே இறங்கிப் போனாள். வெங்கடப்பன் வாசலில் தக்காளிக் கூடைகளுக்குச் சணல் கட்டிக்கொண்டிருந்தார்.

"கீழ யாராவது பிரெஞ்சு படிக்கறாங்களாங்க?"

"யாரும் இல்லம்மா. நானும் எம் பொண்டாட்டியும்தான். அவளுக்கு ஒடம்பு சரியில்ல." நிமிர்ந்து பார்க்காமல்தான் சொன்னார்.

மறுநாளும் பதில் வந்தது. அதற்கு மறுநாளும். கேள்வி எதுவானாலும் அந்தக் குரலுக்கு ஒரே வரிசைதான். என் பெயர் சௌமியா. எனக்கு வயது இருபத்தாறு. ஓசூரில் வசிக்கிறேன். சூளகிரியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். எனக்கு இரண்டு தங்கைகள். உச்சரிப்பில் குறையே இல்லை. ஜோதிமணிக்கு ஒரு நாளும் பிடிபடாத அந்தத் தொண்டை 'ர' கூடச் சரியாக விழுந்தது. ஐந்தாம் நாள் அவள் போனில் அதைப் பதிவு செய்துகொண்டு முனைக் கடைக்குப் போனாள்.

கடைக்கார ராஜப்பன் அதைக் கேட்டுவிட்டு, தராசிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார். "சௌமியாவா? உங்களுக்கு முன்னாடி அந்த மாடில இருந்த பொண்ணு. ஒரு வருஷம் இருந்துச்சு. தினம் இப்படித்தான், அதே நேரத்துக்குப் புரியாத பாஷைல என்னமோ பேசிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் பெங்களூருக்குப் பரீட்சைக்குப் போச்சு. திரும்பி வரல."

"வரலைன்னா?"

"வரலம்மா. அந்த வாரமே அவங்கப்பா குட்டியானை வண்டி கொண்டாந்து சாமானை ஏத்திட்டுப் போனாரு. நான் கேட்டேன், பொண்ணு எங்கன்னு. அந்த ஆளு மூஞ்சைத் திருப்பிக்கிட்டாரு. அதுக்கு மேல எப்படிக் கேக்கறது?"

அன்று மாலை ஜோதிமணி துணிகளை மூட்டை கட்டினாள். பிறகு அவிழ்த்தாள். திரும்பிப் போனால் அந்த மூன்று பேர் அறைதான். கீழே போய், அழைக்காமலேயே உள்ளே நுழைந்தாள்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. சுவரோரம் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். வலது கை மடியில் மடங்கிக் கிடந்தது. வலது பக்க உதடு கொஞ்சம் இறங்கியிருந்தது. இடது காதைச் சுவரில் பதித்திருந்தாள். ஜோதிமணியைக் கண்டதும் கண்கள் விரிந்தன.

"போன்ஜூர்" என்றாள் வெங்கடப்பனின் மனைவி வெங்கடம்மாள்.

வெங்கடப்பன் பின்னால் வந்து நின்றார். இனி மறைப்பதற்கில்லை என்று தெரிந்துவிட்டது அவருக்கு.

"போன மாசி மாசம், சிவராத்திரி போயி அடுத்து வந்த திங்கக்கெழம. காலைல பதினோரு மணி இருக்கும். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தவ வாசப்படில அப்படியே சரிஞ்சிட்டா. மூணு வாரம் ஆஸ்பத்திரி. அப்பறம் வாய் வந்துச்சு. வந்தது இதுதான்." அவர் குரல் தாழ்ந்தது. "எங்களுக்குத் தெலுங்கு. கன்னடமும் தமிழும் இவளுக்குத் தண்ணிபட்ட பாடு. மூணும் போயிடுச்சும்மா. தாகம்னா தண்ணிக்கு நீள்ளுன்னு கேக்கத் தெரியல. பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவ, இது மட்டும் வருது."

"டாக்டர் என்ன சொன்னாருங்க?"

"தெனம் காதுல விழுந்தது மூளைல அடிபடாத ஒரு மூலைல தங்கியிருக்கும்னாரு. இருக்கலாம். பூசாரி வேற மாதிரி சொன்னாரு." சணல் நார் ஒட்டிய கையைத் துண்டில் துடைத்தார். "அந்தப் பொண்ணு நல்லா இருக்குதுன்னா டாக்டர் சொல்றது சரி. இல்லன்னா பூசாரி சொல்றதும்மா. அதான் நான் விசாரிக்கவே இல்ல. எட்டு மாசமா விசாரிக்கல."

பயந்த மனிதர் இப்படித்தான் கணக்குப் போடுவார் என்று ஜோதிமணிக்குப் புரிந்தது. அவளுக்கும் அதே பயம்தான். ஆனால் அவளால் தெரியாமல் இருக்க முடியவில்லை. அவர் பெட்டியிலிருந்து சௌமியாவின் ஆதார் நகலை எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்த போன் எண் உபயோகத்தில் இல்லை. விலாசம் கல்லாவி.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு கிருஷ்ணகிரிக்கும் அங்கிருந்து ஊத்தங்கரைக்கும் பஸ் மாறி, நடுப்பகலில் கல்லாவியில் இறங்கினாள். விலாசத்தைக் காட்டி விசாரித்தபோது கைகாட்டியவர்கள் யாரும் வருத்தப்பட்ட முகம் காட்டவில்லை. அது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

வீட்டு வாசலில் ஒரு பெண் நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சௌமியா வீடுங்களா?"

"நான்தான். நீங்க?"

ஜோதிமணி வாசற்படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மாடி வீட்டில் இப்போது இருப்பது தான் என்றும் தானும் அதே தேர்வுக்குப் படிப்பதாகவும் சொன்னாள். சௌமியா கடலைச் செடியைக் கீழே வைத்தாள்.

"உள்ள போற வரைக்கும் எல்லாம் இருந்துச்சுக்கா. கண்ணாடிக் கதவுக்கு வெளிய உக்காந்து ஒரு தடவ முழுசா சொல்லிப் பாத்தேன். கூப்பிட்டாங்க. போயி உக்காந்தேன். அந்தம்மா ஏதோ கேட்டாங்க." அவள் நிறுத்தினாள். "பயத்துல பதில் மறந்துடும்ல, அது மாதிரி இல்ல. கேள்வியே புரியல. சத்தம் கேக்குது, அது பாஷைன்னே தெரியல. ஈரத்துணி போட்டுத் தொடச்ச மாதிரி. நேரா பஸ் ஏறி இங்க வந்துட்டேன். அப்பா எனக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சோன்னு பயந்துட்டாரு. இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை திரும்பி வரலக்கா. புஸ்தகத்தைப் பிரிச்சா எழுத்தெல்லாம் பூச்சி மாதிரி இருக்குது."

"எப்போ அது?"

"மாசில. சிவராத்திரிக்கு அடுத்த திங்கக்கெழம. பதினோரு மணிக்கு எனக்கு நேரம் குடுத்திருந்தாங்க."

வெயில் வாசலில் அப்படியே நின்றது. ஜோதிமணி போனை எடுத்துப் பதிவை ஓடவிட்டாள். என் பெயர் சௌமியா, எனக்கு வயது இருபத்தாறு என்று வெங்கடம்மாளின் கரகரத்த குரல் பேசத் தொடங்கியதும் உள்ளேயிருந்து சௌமியாவின் அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, மறுபடியும் படிக்க ஆரம்பிச்சிட்டியா?"

"நான் பேசலம்மா" என்றாள் சௌமியா. இரண்டாம் முறை ஓடவிடச் சொல்லிக் கேட்டாள். அவள் உதடுகள் குரலோடு சேர்ந்து அசைந்தன, சத்தம் இல்லாமல். "இது நான்தான்க்கா. இழுக்கற இடம், மூச்சு விடற இடம் எல்லாம் நான்தான். என்ன சொல்றேன்னுதான் தெரியல."

வெங்கடம்மாள் சரிந்து விழுந்த நேரத்தை ஜோதிமணி அவளிடம் சொல்லவில்லை. ஒரு வாதம் வந்த பெண், உன் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள் என்று மட்டும் சொன்னாள். திரும்பும் பஸ்ஸில் சூளகிரி தாண்டும் வரை மனசுக்குள் பிரெஞ்சில் எண்களை எண்ணிக்கொண்டே வந்தாள். நூறு வரை எண்ணி முடித்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

வெங்கடப்பன் கேட் அருகிலேயே காத்திருந்தார்.

"இருக்குதா?"

"இருக்குதுங்க. நல்லா இருக்குது."

அவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பதினோரு மணியைப் பற்றிச் சொல்ல ஜோதிமணிக்கு அப்போதும் வாய் வரவில்லை.

தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வீட்டை மாற்றலாமா, தேதியை மாற்றலாமா என்று ஒரு இரவு முழுக்க யோசித்தாள். ஆனால் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்த அந்த உருவம் கண்ணைவிட்டுப் போகவில்லை. யாரும் கேள்வி கேட்காத வீட்டில் எட்டு மாதமாகப் பதில்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் மூன்று மணிக்கு ஜோதிமணி மாடிக்குப் போகவில்லை. மாடிப்படிக்கு அடியிலிருந்த அறைக்குப் போய் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, உங்கள் பெயர் என்ன என்று பிரெஞ்சில் கேட்டாள். வெங்கடம்மாளின் முகம் பூத்தது. சௌமியாவின் பதில் முழுவதும் வந்தது. ஜோதிமணி தன் பதிலைச் சொன்னாள். பயம் போகவில்லை. ஆனால் எதிரே ஒரு மனித முகம் பார்த்துக்கொண்டிருக்கையில் பேசுவதற்கு அவள் வாய் மெல்ல மெல்லப் பழகியது.

எட்டாம் நாள் அதே கேள்விக்கு வெங்கடம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. நெற்றி சுருங்கியது. இடது கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தாள். "ஜ மப்பேல்..." என்று தொடங்கி, நெடுநேரம் தேடி, "வெங்கடம்மா" என்றாள். வாசலில் நின்ற வெங்கடப்பன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து அவள் அருகில் உட்கார்ந்தார்.

தேர்வன்று காலை கிளம்பும்போது ஜோதிமணி அவரிடம் சொன்னாள்: "பத்திலிருந்து பன்னண்டு வரைக்கும் அம்மாவைத் தனியா விடாதீங்க. எந்திரிக்க விடாதீங்க."

வெங்கடப்பன் அவளைக் கூர்ந்து பார்த்தார். "அந்தப் பொண்ணு பரீட்சையும் பதினோரு மணிக்கா?"

அவள் தலையாட்டினாள். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து ஆணியில் மாட்டினார். "தோட்டத்துக்கு இன்னிக்குப் போகல" என்றார்.

பெங்களூரில் கண்ணாடிக் கதவு திறந்தது. எதிரே இருந்தவர் முதல் கேள்வியைக் கேட்டார். ஒரு கணம், இரண்டு கணம், ஒன்றுமே வரவில்லை. அப்புறம் வந்தது. தப்பும் தவறுமாக, கரூர்ச் சாயலோடு, அவளுடைய சொற்கள்தான் வந்தன. வெளியே வந்ததும் போன் செய்தாள்.

"நல்லா இருக்கா. உக்காந்தபடியே தூங்கிட்டா" என்றார் வெங்கடப்பன்.

வேண்டிய மார்க் வந்துவிட்டது. விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பதில் வரும் வரை அதே மாடியில்தான் இருக்கிறாள். வெங்கடம்மாளுக்கு இப்போது தெலுங்கில் ஐந்தாறு சொற்கள் திரும்பியிருக்கின்றன. தண்ணீர் கேட்கிறாள், கணவனைத் திட்டவும் தெரிகிறது.

மார்கழியில் ஒரு மத்தியானம் ஜோதிமணி துணி மடித்துக்கொண்டிருந்தபோது கீழே குரல் எழுந்தது. எனக்கு வயது முப்பத்து மூன்று. என் ஊர் கரூர். எனக்கு ஒரு அண்ணன். அந்தத் தொண்டை 'ர' இந்தத் தடவை சரியாக விழவில்லை. ஜோதிமணி சொல்வது போலவே வழுக்கியது.

அவள் மடித்த புடவையை அப்படியே போட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். வந்தது. அன்றிலிருந்து தினமும் கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன் தன் பெயரைப் பிரெஞ்சில் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். இன்று வரை வந்துகொண்டுதான் இருக்கிறது.