நான் பேசாத என் குரல்

பல்கலைக்கழக உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பின்மேசையில் நான் சிரிப்பது கேட்டது. என் வாயில் சோறு இருந்தது, சிரித்தது நானில்லை. திரும்பிப் பார்த்தால் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. மேசையில் ஒரு கைபேசி குப்புறக் கிடந்தது. சிறிது பொறுத்து அது என் குரலில், "ஓம், எனக்கு விளங்குது" என்றது. கருத்தரங்கில் நான் சொன்ன வாக்கியம். யாரோ அதை வெட்டி எடுத்து அழைப்பொலி ஆக்கியிருந்தார்கள்.

கிளிநொச்சியிலிருந்து நான் இங்கே வந்தது தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைப் பற்றி ஆராய்ச்சி செய்ய. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். "அங்கையும் தமிழ் ஆக்கள்தானே, பயமில்லை" என்று சொல்லித்தான் ஊரில் வழியனுப்பினார்கள். கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனவர்கள் மொழி தெரியாமல் பட்ட பாடு எனக்கில்லை என்று நானும் நம்பினேன். ஆம்பூரில் வந்திறங்கிய அன்று ஆட்டோக்காரர், "இன்னாம்மா, கேரளாவா?" என்றார். இலங்கை என்றேன். "பரவால்ல, தமிழ் நல்லாப் பேசுற" என்று மெச்சினார். அன்றைக்கு அது வெறும் சிரிப்பு. காற்றில் சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த நெடி. பாலத்தின் கீழே தண்ணீரில்லாத பாலாறு.

எங்கள் ஆய்வகத்தில் கருவிகளுக்கு நேரம் ஒதுக்குவது மூத்த ஆய்வாளரான மனோகர். என் முறை வரும்போதெல்லாம், "நம்ம பசங்க முதல்ல. ஃபாரின் ஆளுங்க அப்புறம்" என்பார். "ஃப்ளைட்ல வந்தியா, போட்ல வந்தியா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்பார். ஒருநாள் ஏலகிரிக்குக் காரில் தனியாகப் போய்வரலாம் என்றார். மறுத்தேன். "விசாவுல கையெழுத்து போடுற ஆபீஸ்ல எனக்கு ஆளு இருக்கு. பாத்து நடந்துக்க" என்றார். அதன் பிறகுதான் அந்தக் குரல் நான் ஒருபோதும் சொல்லாதவற்றைச் சொல்லத் தொடங்கியது.

ஒரு மாலை ஆய்வகக் கதவில் கைவைத்தபோது உள்ளேயிருந்து நான் பேசினேன். "கதவத் தொறங்க. நான் வந்துட்டேன். ஜாஸ்தி நேரம் இல்ல." மூச்சு வாங்குவதுகூட என்னைப் போலவே இருந்தது. அதற்குப் பின் சொன்னவை இங்கே எழுதத்தக்கவை அல்ல. குரலைப் படியெடுக்கும் செயலி ஒன்று போதும் என்று இப்போது தெரியும். அன்று தெரியவில்லை. உள்ளே இன்னொரு நான் இருக்கிறாள் என்றே ஒரு கணம் நினைத்தேன். கதவைத் திறக்காமல் விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

பிறகு பேச்சைக் குறைத்தேன். சண்டைக்காலத்தில் பதுங்குகுழிக்குள் அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார். சத்தம் வெளியே போகாவிட்டால் ஆளும் அங்கே இல்லை என்று அப்போது கற்றது. இங்கே என் வாயை நானே பொத்திக்கொண்டேன். பேசியே ஆகவேண்டிய இடங்களில் இந்த ஊர்க்காரி போல 'இன்னா' என்றும் 'கம்மி' என்றும் பேசிப் பழகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்தபோது அதே வாயோடு, "அம்மா, நல்லா இருக்கியா?" என்றேன்.

"ஆர் கதைக்கிறது? பிள்ளையிட்டக் குடுங்கோ" என்றார் அம்மா.

நான்தான் என்று சொல்ல எனக்கு நேரமெடுத்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த ரெஹானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆம்பூர்க்காரி, வீட்டில் உருது, வெளியே தமிழ். எழுந்து வந்து அருகில் உட்கார்ந்தாள்.

"அந்த ஆடியோ எனக்கும் வந்துச்சி. உங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியல. அது நீ இல்லன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ என்னிக்கு ஜாஸ்தின்னு சொன்ன? புகார் குடுக்கலாம், வா."

"விசாவில ஏதும் செய்துபோடுவினம்."

"அதையும் அங்கயே கேப்போம். பேஜாராவாத. நானும் உள்ள வந்து உக்கார்றேன்."

புகார்க் குழுவின் தலைவி ஒரு பேராசிரியை. வெளியிலிருந்து வந்த பெண் வழக்கறிஞரும் இருந்தார். "அவர் என்னை வெருட்டினவர்" என்றேன். பேராசிரியை குறித்துக்கொண்டு, "எங்கிருந்து எதுவரைக்கும் விரட்டினாரும்மா? பாத்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். ரெஹானாதான், "மேடம், ஓடி வந்து தொரத்தல. மெரட்டுனாருன்னு சொல்றா" என்றாள். எழுதியது அடிக்கப்பட்டது.

ஒலிப்பதிவைப் போட்டார்கள். அறை முழுவதும் நான் கெஞ்சினேன், குழைந்தேன். எல்லாரும் என் உதடுகளையே பார்த்தார்கள். "இதில் வருவது என் ஊர்ப்பேச்சே இல்லை" என்றேன். மனோகர் அமைதியாக, "இப்பல்லாம் அவங்க நம்ம மாதிரிதான் பேசறாங்க. யாரை வேணா கேளுங்க" என்றார். அது பொய் இல்லை. நான் ஒளிந்துகொள்ளப் பழகிய பேச்சே என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது.

வழக்கறிஞர், இதுபோல வேறு யாருக்காவது நடந்ததா என்று விசாரிக்கச் சொன்னார். ரெஹானா விடுதியில் அறை அறையாகப் போனாள். அடுத்த அமர்வுக்குக் குடியாத்தத்து மாணவி ஒருத்தி வந்து தன் கைபேசியை மேசையில் வைத்தாள். அதில் அவள் குரலும் கதவைத் திறக்கச் சொன்னது. அதே சொற்கள், அதே வரிசை. "நா யார்கிட்டயும் சொல்லல. எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்" என்றாள். ஆய்வக இளைஞர் ஒருவரும், மனோகர் இதையெல்லாம் செய்ததைப் பார்த்ததாக ஒப்புக்கொண்டார்.

மனோகரை நீக்கினார்கள். என் விசாவுக்கு இதனால் பாதகம் வராது என்று எழுத்தில் தந்தார்கள். ஆய்வகத்தில் சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. அந்தப் பதிவுகள் யார் யார் கைபேசியில் மிச்சம் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. நான் ஊருக்குப் போன பிறகும் நான் இங்கே பேசிக்கொண்டிருக்கக்கூடும்.

போன வாரம் புதிய மாணவர்களுக்கு, புகார்க் குழு இருப்பதைச் சொல்லப் பேராசிரியை என்னை மேடைக்கு அழைத்தார். "வணக்கம். நான் சுகந்தி. கதைக்கப் பயந்திருந்தனான்" என்றேன். அந்த நீள மண்டபத்தின் கடைசிச் சுவரிலும் ஒலிபெருக்கி. நான் சொல்லி முடித்ததும், அங்கிருந்து என் வார்த்தைகள் சற்றுத் தாமதமாக என்னிடமே திரும்பின. அடுத்த வாக்கியத்தைத் தொடங்காமல், அந்தச் சுவரிலிருந்து பேசியவள் சொல்லி முடிக்கும்வரை நின்றேன்.