முப்பத்தேழு மில்லிமீற்றர்

ஒரு பெப்ரவரிக் காலையில் குளியலறைச் சுவர் சரிந்து நவரத்தினத்தின் இடுப்பெலும்பு முறிந்தது. வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய வீடு. பக்கத்துக் காணியில் பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றுக்காக ஆழக் குழி வெட்டி, மாதக்கணக்கில் பம்ப் வைத்து நிலத்தடித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வேலைக்குப் பொறுப்பான பொறியியலாளர் சாரங்கன், நவரத்தினத்தின் மகள் மிதுனாவோடு பல்கலைக்கழகத்தில் படித்தவன். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேரே அவனிடம் போனாள்.

“பம்பை நிப்பாட்டு, சாரங்கன். நிலம் இறங்குது.”

“உங்கட வீடு அறுபது வருசப் பழசு. அது தன்ரை பாட்டில வெடிக்குது. எங்கட குழிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை.”

“அப்ப அதை எழுதித் தா. கையெழுத்தும் வை.”

அவன் சிரித்தபடி எழுதிக்கொடுத்தான்.

மிதுனா பதினைந்து வருடமாக நில அளவையாளர். அந்த ஞாயிறே காலி வீதித் தேவாலயத்தின் கருங்கல் படியில் ஓர் உயரக் குறியை வைத்துக்கொண்டு, அங்கிருந்து தன் வீட்டு வாசல்வரை மட்டம் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தாள். வாசல் வாரம் ஒரு மில்லிமீற்றர், சில வாரம் இரண்டு மில்லிமீற்றர் கீழே போனது. குழியில் நின்ற வேலைக்காரர்கள் அவளைப் பார்த்துச் சிங்களத்தில் பகிடிவிட்டார்கள். அவள் காதில் விழாததுபோல் எண்களைக் குறித்தாள்.

பாதிக்கப்பட்டவள் அளந்த அளவை யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை கொழும்புக்கு மேலால் போகும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் ஒன்றின் ராடார் படங்கள் இலவசமாகக் கிடைத்தன. இரண்டு படங்களை ஒப்பிட்டால், இடையில் நிலம் எத்தனை மில்லிமீற்றர் அசைந்தது என்று கணிக்கலாம். மார்ச் முடிவதற்குள் அவளுடைய கணினியில் எல்லாம் தெளிவாகிவிட்டது. குழியைச் சுற்றி நூறு மீற்றருக்கு நிலம் ஒரு கிண்ணம்போல் உள்வாங்கியிருந்தது. அது தொடங்கியது பம்ப் ஓடத் தொடங்கிய அதே மாதம்.

அன்றே அவள் முறைப்பாடு கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஒரு பொய்யைத் தவறு என்று சொல்லித் தப்பிவிடுவான். மூன்று பொய் என்றால் தப்ப முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா புரள முடியாமல் முனகும்போதெல்லாம் அந்தக் கணக்கு அவளுக்கு இனித்தது. ஏப்ரலில் ஒரு கடிதம், ஜூலையில் ஒரு கடிதம் என்று பணிவாக எழுதிக் கேட்டாள். ‘நிலத்தில் அசைவில்லை’ என்று இரண்டு தரமும் அவன் கையெழுத்து வைத்தான்.

இரண்டாவது பதிலும் கைக்கு வந்த பிறகே முறைப்பாடு கொடுத்தாள். ஒக்டோபரில் விசாரணைக் குழு கூடியது. அங்கேயும் அவன் சத்தியம் செய்து அதையே சொன்னான். அவன் சொல்லிமுடித்துக் கதிரையில் அமரும்வரை காத்திருந்து மிதுனா எழும்பினாள். மூன்று அறிக்கைகளையும் மேசையில் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் ராடார் வரைபடம். அதன் நடுவில் சிவப்பாய் அந்தக் குழி. அவளுடைய வாசல் முப்பத்தேழு மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. ராடாரும் அதையே சொன்னது.

சாரங்கன் தண்ணீர்க் கிளாஸை எடுத்துவிட்டுக் குடிக்காமலே திரும்ப வைத்தான். அதை அவள் ஆசைதீரப் பார்த்தாள்.

வேலையை நிறுத்தும்படி அன்றே கட்டளை வந்தது. அவனுடைய தொழிற்பதிவும் இடைநிறுத்தப்பட்டது. வெளியே வராந்தாவில் அவன் அவளை மறித்தான்.

“இந்தப் படத்தை மார்ச்சிலயே காட்டியிருந்தா நான் பம்பை நிப்பாட்டியிருப்பன்.”

“அப்பாக்கு மேல சுவர் விழுந்த அண்டைக்கே சொன்னனான். நீ சிரிச்சனி.”

அவன் படியிறங்கினான். மிதுனா திரும்பினாள். விசாரணையைக் கேட்க வந்திருந்த முன்வீட்டு பஹ்மியா பின்னால் நின்றிருந்தாள். ஜூன் மாதம் அவளுடைய குசினித் தரை பிளந்து, குடும்பத்தோடு தெஹிவளைக்கு வாடகைக்குப் போனவள்.

“மார்ச்சிலேயே ஒங்களுக்குத் தெரியுமா, தங்கச்சி?”

“ஓம், அக்கா.”

“எங்கட ஊடும் அந்தச் செவப்புக்குள்ளயா ஈந்திச்சி?”

மிதுனா ஓமென்று தலையசைத்தாள்.

“அப்ப எங்களையும் சேத்துத்தான் பழி வாங்கீக்கிறீங்க” என்று சொல்லிவிட்டு பஹ்மியா நடந்தாள்.

நவரத்தினம் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். பஹ்மியா தரையைத் திருத்தித் தை மாதம் திரும்பி வந்தாள்; மிதுனாவைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். சாரங்கனுக்குச் செய்ததை இன்னொரு தரமும் செய்வேன் என்று மிதுனா யாரிடமும் கூசாமல் சொல்வாள். முன்வீட்டுக் குசினியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பதில்லை.