நண்டு கடித்து இறந்த மன்னன்

போன வாரம் ராயபுரத்தில் முடிவெட்டக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கைபேசி ஊர் ஊராகத் துணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பூட்டுக்குப் பேர்போனது திண்டுக்கல். கல்லணையைக் கட்டியவன் கரிகாலன். நெட்டுக்குப்பத்தில் ஒரு மன்னன் நண்டு கடித்து இறந்தான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மன்னனைக் கொன்றவன் நான்தான்.

அப்போது டோல்கேட் பக்கம் ஓர் அச்சகத்தில் தினசரிக் காலண்டருக்குப் பிழைதிருத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தாளிலும் ராகுகாலத்துக்குக் கீழே ஒரு பொது அறிவுத் துணுக்கு வரும். ஒரு தாளுக்கு மட்டும் துணுக்கு கிடைக்கவில்லை. மதியம் சாப்பிட்ட நெட்டுக்குப்பத்து நண்டுக் குழம்பின் வாசனை கைகழுவியும் விரலை விட்டுப் போகாமல் இருந்தது. எழுதிவிட்டேன். எந்த வம்சம் என்று குறிப்பிடவில்லை. அந்த அளவுக்கு நேர்மை இருந்தது.

மறு வருடம் அந்தத் தாள் வீட்டுக்கு வீடு கிழிபட்ட நான்காம் நாள், நெட்டுக்குப்பத்திலிருந்து, ஆற்று முகத்துவாரத்தில் பிடித்த நண்டு விற்கும் தேசம்மா கூடையோடு வந்தார்.

"எய்துனது யாரு?"

முதலாளி அண்ணாச்சி தயங்காமல் என்னைக் காட்டினார்.

"நாலு நாளா கூட அப்டியே கீது. கடிச்சா செத்துருவாங்கன்னு ஒருத்தரும் வாங்க மாட்றாங்க. எந்த ராஜா செத்தான், சொல்லு."

"எந்தப் புஸ்தகத்துல பாத்தடே?" என்றார் அண்ணாச்சி.

தேசம்மா கட்டவிழ்த்த நண்டு ஒன்றை மேசைமேல் விட்டார்.

"கைய வை. நீ சாவுறியா பாப்போம்."

அச்சுக்கோப்பவர், பைண்டர், டீ கொண்டுவந்தவர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். வேலை போய்விடுமே என்ற பயத்தில் கையை வைத்தேன். நண்டுக்குத் தயக்கமே இல்லை. நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரரும் வந்துவிட்டார். ரத்தம் வந்தது, உயிர் போகவில்லை. பத்து நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு, "பொழச்சிக்கினான்" என்று தேசம்மா எல்லோருக்கும் அறிவித்தார். அண்ணாச்சி அன்றே, 'நண்டு கடித்தவர் நலமாக உள்ளார்' என்று நோட்டீஸ் அடித்து மார்க்கெட்டில் கொடுக்கச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து தேசம்மா மறுபடி வந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அடுத்த வருசமும் அத்தயே போடு சார். ராஜாவ கொன்ன நண்டு எங்கன்னு தேடிகினு வராங்க. நோட்டீஸத்தான் நிறுத்து."

போட்டோம். மேலும் மூன்று வருடம் அந்த மன்னன் இறந்துகொண்டே இருந்தான்.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள். அண்ணாச்சி ஊரோடு போய்விட்டார். முடிவெட்டிக்கொண்ட கையோடு நெட்டுக்குப்பம் போனேன். தேசம்மாவின் மகள் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்ட நண்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஆந்திராவிலிருந்து வருகிறதாம். முகத்துவாரத்து நண்டு இல்லையா என்று கேட்டேன்.

"அத்தெல்லாம் இன்னாத்துக்கு கேக்குற சார்," என்றாள். "அம்மாவோடயே போச்சி."