அக்காவின் கொழும்புப் படிப்பு

நீல மையில் நான் எழுதிய ஒரு வரி இன்றும் என்னை நிம்மதியாக உட்கார விடுவதில்லை. ‘எழுதப் படிக்கத் தெரியும்.’ அறுபதுகளின் நடுவில், திருச்சியில் வேலை தேடுவோர் பெயரைப் பதியும் அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். என் பெரியம்மா மகளின் அட்டையில், படிப்பு என்ற கட்டத்தில் நான்தான் அதை எழுதினேன்.

அக்கா கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். பெரியப்பா அங்கே துணிக்கடையில் வேலை பார்த்தார். எத்தனை வருஷம் இருந்தும் குடியுரிமை கிடைக்காமல், குடும்பத்தோடு கப்பலேறி வந்து புத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியேறினார். அக்காவுக்கு அப்போது இருபது வயது. ஓரிடத்தில் இருக்கமாட்டாள். காலையில் கிளம்பி காவிரிப் பாலம் வரை நடப்பாள், திரும்பி வந்து மறுபடியும் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பாள். அவள் பேச்சில் இரண்டு நாடுகளும் எப்போதும் தராசில் இருந்தன. அங்கே பள்ளியில் பணிஸ் என்று பன் ரொட்டி தந்தார்கள், இங்கே சோறு போடுகிறார்கள், அது நல்லது. அங்கே பல்கலைக்கழகம் வரை படிப்பு இலவசம், இங்கே அவ்வளவு தூரம் இன்னும் வரவில்லை. ஆனால் இங்கே வேலைக்குப் பெயர் பதிய அலுவலகம் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் கொழும்பில் பள்ளியிறுதி தேறிய சான்றிதழோடு என் மேஜைக்கு வந்தாள்.

அந்தச் சான்றிதழ் நம் எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம் என்று கல்வித் துறையிலிருந்து கடிதம் வரவேண்டும். வரும்வரை படிப்பில்லாதவர் பட்டியல்தான். நான் எழுதியதை மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றபடி தலைகீழாகவே படித்துவிட்டாள்.

“அங்க படிப்பத் தந்தாங்க, உங்க நாட்டுக்குப் போன்னு சொன்னாங்க. இங்க நம்ம பொண்ணுன்னு சொல்லிட்டு படிப்ப எடுத்துக்கிட்டீங்க. எது தம்பி பரவாயில்ல?” என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, திருவெறும்பூர் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றிலிருந்து அலுவலகப் பயிற்சிக்குப் பெண்கள் கேட்டு எழுதியிருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. போதும். அட்டைகளை எடுத்து வைத்தவன் நான். அட்டையின் கீழே ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘கடிதம் எதிர்பார்க்கப்படுகிறது’ என்று அதில் எழுதி அதிகாரியிடம் நீட்டியிருக்கலாம். விதியில் அதற்கு இடம் இருந்தது. சொந்தக்காரிக்குச் சலுகை என்று யாராவது சொல்லிவிட்டால் என் வேலை நிரந்தரமாகாதே என்று பயம். அவள் அட்டையை எடுக்காமல் பெட்டியை மூடினேன். அன்று மாலை வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் மலைக்கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அக்கா காத்திருக்கவில்லை. தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பணம் கட்டினாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில், இரட்டைச் சடை போட்ட பெண்களுக்கு நடுவே புடவை கட்டிக்கொண்டு, ஏற்கெனவே எழுதித் தேறிய பாடங்களை மறுபடி எழுதினாள். கண்காணிக்க வந்த டீச்சர், “யாரோட அக்காங்க நீங்க? வெளில இருங்க” என்றாராம். அதை வீட்டில் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தவள், பிறகு கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

தேறினாள். ஆசிரியப் பயிற்சியும் முடித்து லால்குடிக்கு அப்பால் ஒரு பள்ளியில் சேர்ந்தாள். அதற்குப் பிறகுதான் கல்வித் துறைக் கடிதம் வந்தது: கொழும்புச் சான்றிதழ் சமமானதே. எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனேன். பிள்ளைகளுக்கு மதியச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

“சரி, இப்ப நான் ரெண்டு தடவ படிச்சவ.”

அதோடு விட்டிருப்பாள். எனக்குத்தான் தாங்கவில்லை. தொழிற்சாலைக் கடிதம், குறிப்புக் கட்டம், மூடிய பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்படி எழுதலாம்னு அப்பவே தெரியுமா உனக்கு?”

“தெரியும்க்கா.”

ஒரு பையன் தட்டை நீட்டினான். அவனுக்குச் சோறு வைத்துவிட்டு வந்தாள்.

“நான் ரெண்டு நாட்டு சட்டத்தையும்ல திட்டிக்கிட்டு இருந்தேன்” என்றாள். பிறகு, “சாப்பிட்டியா? ஒக்காரு” என்றாள்.

என்னால் உட்கார முடியவில்லை. நின்றபடியே சாப்பிட்டேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வழக்கம்போல் வந்துபோனாள், என்னிடம் முகம் கோணியதே இல்லை. ஆனால் அந்த நாடு எப்படி, இந்த நாடு எப்படி என்ற பேச்சை என் முன்னால் அவள் மறுபடி எடுக்கவே இல்லை.