கடைசி ஒழுங்கைக்குப் போகாத பவுசர்

தண்ணீர் விநியோகப் பகுதியில் பணியாற்றுபவர் தண்ணீரைக் காண்பது அரிது. அவர் காண்பவை முறைப்பாடுகளே. வாசகர்கள் முதலில் அறியவேண்டியவை சில உள. கோடையில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர்த்துவிடும். அப்போது எங்கள் பிரதேச சபையின் தண்ணீர் வண்டியான பவுசர் கிழமைக்கு இருமுறை வந்து, ஒழுங்கைகள் எனப்படும் சிறு தெருக்களில் வைத்துள்ள கறுப்புத் தாங்கிகளை நிரப்பும். ஒழுங்கைகள் ஒன்பது, பவுசர் ஒன்று. முறைப்பாட்டு மேசையில் இருப்பவள் நான். வெறும் வாளியைச் சொல்லி முறையிட வருபவர் அனைவரும் எனக்கு உறவினர் போலவே ஆகிவிட்டனர்.

சிலந்தி வலை

இங்கே வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, வாளிகள் நிற்கும். காற்றுக்குப் புரளாதிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு கல். கடைசி ஒழுங்கைப் பரமேஸ்வரி அக்கா மூன்று கிழமைகளில் நான்கு முறை வந்து முறையிட்டார். வைத்தியசாலைச் சிற்றுண்டிச்சாலைக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர் அவர். உவர்நீரில் குழைத்த மா வாயில் வைக்க முடியாது. வருகிற திங்களும் தவறினால் வேறொருவரைப் பார்த்துக்கொள்வதாகச் சிற்றுண்டிச்சாலையில் சொல்லிவிட்டார்களாம். வியாழக்கிழமை நேரில் சென்றேன். வரிசை குலையாமல் நின்ற வாளிகளுக்குள் சிலந்தி வலை பின்னியிருந்தது. அக்கா அதைக் காட்டிச் சொன்னார்:

“மிஸ், எங்கடை பக்கம் நேரத்துக்கு வேலை செய்யிறது அது மட்டும்தான்.”

உதவிக்கு வைத்த கையொப்பம்

பவுசரின் விநியோக ஏட்டின்படியோ கடைசி ஒழுங்கைத் தாங்கிக்கு ஒருமுறையேனும் தண்ணீர் தவறியதில்லை. தண்ணீர் பெற்றதற்கான கையொப்பங்கள் ஒழுங்காக இருந்தன. எல்லாம் ஒரே கையால் இட்டவை. தேடிப் போனால், பிரதான வீதிக் கடைக்காரர் செல்வராசா அண்ணை. முதலாவது தாங்கி அவர் கடை வாசலில் இருக்கிறது. பவுசர்ச் சாரதி அங்கேயே தேநீர் குடித்து, ஒன்பது தாங்கிகளுக்குமான கையொப்பங்களையும் வாங்கிக்கொள்வாராம். காணாத தண்ணீருக்கு எவ்வாறு ஒப்பமிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி பெருந்தன்மையோடு விடையளித்தார்:

“பிள்ளை, கேட்டு வாறவனுக்கு இல்லையெண்டு சொல்லி எனக்குப் பழக்கமில்லை.”

நான்கு அடி

கடைசித் தாங்கியிலிருந்தே தொடங்குமாறு சபைச் செயலாளரிடம் எழுத்தில் உத்தரவு பெற்றேன். அந்த ஒழுங்கைக்குள் பவுசரைத் திருப்ப இடமில்லை என்றார் சாரதி. தட்டிக்கழிக்கச் சொல்லும் சாட்டு என்றே எண்ணி, வெள்ளி பிற்பகல் அளவு நாடாவும் காணி வரைபடமும் கொண்டு சென்றேன். அவர் சொன்னது மெய். வளைவில் ஒரு தகர வேலி ஒழுங்கைக்குள் நான்கு அடி நீண்டிருந்தது. போர் முடிந்து மீள்குடியேறிய அவசரத்தில், எல்லைக்கல் தெரியாமல் கண்மதிப்பிற் போட்ட வேலி அது. உரியவர் பரமேஸ்வரி அக்கா.

வரைபடத்தை அவர் முன் விரித்து நிலைமையைச் சொன்னேன். அவர் வரைபடத்தை இருமுறை பார்த்தார். பின்னர் கடப்பாரை போன்ற அலவாங்கை எடுத்துவந்து முதல் வேலிக் கட்டையைத் தாமே கிளப்பினார். அயலவரும் சேர்ந்துகொள்ள, பொழுது சாய்வதற்குள் வேலி எல்லைக்குத் திரும்பியது. சனி காலை பவுசர் உள்ளே வந்து, தாங்கியை நிரப்பி, ஒரே வளைப்பில் திரும்பியது. சாரதி தலையை வெளியே நீட்டிச் சொன்னார்:

“மிஸ், சொல்லுறதுக்கு எனக்கு இனி ஒரு சாட்டும் மிச்சமில்லை.”

பின்னர் உறுதியானவை இவை. பவுசர் கடைசி ஒழுங்கையிலிருந்தே தொடங்கி, பிரதான வீதிக்குக் கடைசியாகவே போகிறது. அந்தந்தத் தாங்கிக்கு அந்தந்த ஒழுங்கையாரே ஒப்பமிடுகின்றனர். திங்கள் காலை வைத்தியசாலைக்கு இடியப்பம் போயிற்று, இன்றும் போகிறது. என் பணிக்காலத்தில் முழுப் பெருமையோடு நான் மூடிய கோப்பு அதுவே. முறைப்பாடுகள் மட்டும் குறையவில்லை. அவை இப்போது பிரதான வீதியிலிருந்து வருகின்றன.